விழுந்து எழுந்தால் வராத பாடம்

பள்ளிப் பிள்ளைகளுக்குச் சைக்கிள் ஓட்டப் பாடம் நடத்த வேண்டும் என்று சொன்னால் நம்மூரில் முதலில் வருவது சிரிப்பு. அந்தச் சிரிப்புக்குப் பின்னால் முழுமையான ஒரு வாதம் இருக்கிறது. அதன் பலம் குறையாமல் முதலில் அதைச் சொல்லிவிடுவதே முறை. வாதம் இது: வாடகைக் கடையில் அரைசைக்கிள் எடுத்து, குரங்குப் பெடல் போட்டு, முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாக எல்லோரும் தானாகவே கற்றார்கள்; வாத்தியார் யாரும் தேவைப்படவில்லை. சாலை விதிகள் பாடப்புத்தகத்தில் இருக்கின்றன. சாலைப் பாதுகாப்பு வாரத்தில் பதாகை பிடித்துப் பேரணியும் போகிறார்கள். அதற்கு மேல் செய்யப் பள்ளிக்கு நேரமும் கிடையாது, ஆளும் கிடையாது. செய்தாலும் பலன் இருக்காது, ஏனென்றால் ஆபத்து பிள்ளையின் சைக்கிளில் இல்லை, எதிரே வரும் லாரியில் இருக்கிறது. சாலையைத் திருத்தாமல் பிள்ளைக்குப் பயிற்சி கொடுப்பது, ஓட்டைப் படகில் ஏற்றிவிட்டு நீச்சல் சொல்லித் தருவது போல.

இது திண்ணைப் பேச்சோடு நிற்கவில்லை. ஓர் அரசுத் திட்டத்தின் வடிவத்தையே தீர்மானித்திருக்கிறது. தமிழ்நாட்டில் விலையில்லா மிதிவண்டித் திட்டம் 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்காகத் தொடங்கியது. 2005-06 முதல் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் எல்லோருக்கும் விரிந்தது. இன்று ஆண்டுக்கு ஏறத்தாழ ஐந்து லட்சம் சைக்கிள்கள், இருநூறு கோடி ரூபாய்க்கு மேல் செலவு. இந்தியாவில் வேறெந்த மாநிலமும் வெட்கப்படாமல் பின்பற்றக்கூடிய திட்டம் இது. ஆனால் அதில் வண்டி இருக்கிறது. அந்த வண்டியை நெரிசலில் ஓட்டும் பயிற்சி இல்லை. சைக்கிள் தானாக வந்துவிடும் என்று எல்லோரும் நம்புவதால் அந்த இடம் காலியாக இருப்பது யார் கண்ணையும் உறுத்துவதில்லை. அந்த நம்பிக்கை தவறு. நடுநிலைப் பள்ளி வயதிலேயே, ஆசிரியர் உடனிருக்க, உண்மையான தெருவில் சைக்கிள் ஓட்டக் கற்பிப்பது பள்ளியின் கடமை. மறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

1. தானாக வருகிறது என்கிறார்கள், வருவது எது? சமநிலை மட்டும். வண்டி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் ஹேண்டில்பாரைத் திருப்ப வேண்டும் என்பதை உடல் தானே கண்டுபிடிக்கிறது. பெடலைக் கழற்றி, சீட்டை இறக்கி, காலால் உந்தி உருட்டவிட்டால் இன்னும் சீக்கிரமே கண்டுபிடிக்கும். இது சாத்தியமாவதற்கு இரண்டு காரணம்: தவறு செய்த மறுநொடியே விழுகிறோம், விழுந்தாலும் சிராய்ப்போடு போகிறது. தவறு உடனே தெரிய வேண்டும், அதன் விலை சிறிதாக இருக்க வேண்டும். பட்டுத் தெளிவதற்கு இந்த இரண்டும் கட்டாயம். சாலையில் இரண்டுமே கிடையாது. பின்னால் பார்க்காமல் வலப்பக்கம் திரும்பும் பையனுக்குத் தொண்ணூற்றொன்பது முறை ஒன்றும் ஆவதில்லை. ஆகவே அவன் கற்றுக்கொள்வது, பார்க்கத் தேவையில்லை என்பதைத்தான். நூறாவது முறையிலிருந்து கற்றுக்கொள்ள அவன் இருப்பான் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இடப்பக்கம் திரும்பும் லாரியின் பின்சக்கரம், முன்சக்கரம் போன தடத்தில் போகாமல் உள்வாங்கி வெட்டும். வலப்பக்க இருக்கையில் இருக்கும் ஓட்டுநருக்கு வண்டியின் இடப்பக்க முன்மூலை ஒட்டிய இடம் தெரியாது. சிக்னலில் நிற்கும் லாரிக்கு இடப்பக்கமாகப் புகுந்து முன்னால் போகும் பிள்ளை நிற்பது சரியாக அந்த இடத்தில். இந்த அறிவை விழுந்து எழுந்து யாரும் பெற முடியாது. ஒருவர் சொல்ல வேண்டும், நிறுத்திய லாரி ஒன்றின் இருக்கையில் பிள்ளையை ஏற்றி உட்காரவைத்துக் காட்ட வேண்டும். தலைமுறைகள் தானாகக் கற்றன என்ற சாட்சியத்தில் இன்னொரு ஓட்டையும் உண்டு: அதைச் சொல்பவர்கள் எல்லோரும் பிழைத்தவர்கள். அவர்கள் கற்ற தெருவில் மணிக்கு ஒரு பேருந்து போயிருக்கும். அதே தெரு இன்று புறவழிச்சாலையில் போய் முட்டுகிறது.

2. விதி தெரிந்தால் போதும் என்பவர், வலப்பக்கத் திருப்பம் ஒன்றைப் பிரித்துப் பார்க்கட்டும். நாம் சாலையின் இடப்பக்கம் செல்பவர்கள். ஆகையால் சைக்கிளில் மிக ஆபத்தான அசைவு வலப்பக்கம் திரும்புவது. புத்தகம் அதை ஒரே வரியில் முடித்துவிடும்: பின்னால் பார், கையைக் காட்டு, திரும்பு. உடலுக்கு அது ஒரு வரியில் முடிவதில்லை. வலத்தோளுக்கு மேல் தலையைத் திருப்பினால் பழகாத பிள்ளையின் தோளும் கூடவே திரும்பும், ஹேண்டில்பாரும் திரும்பும். பார்த்து முடிப்பதற்குள் வண்டி சாலை நடுவுக்குப் போயிருக்கும். கை காட்டச் சொன்னால் ஒற்றைக் கையில் வண்டி ஆடும். அதோடு, நம்மூர்ச் சைக்கிள்களில் பெரும்பாலும் வலக்கைப் பிரேக்தான் முன்சக்கரத்துக்கு. வலக்கையை நீட்டிய கணத்தில் பிள்ளையிடம் மிஞ்சுவது பின்பிரேக் மட்டும். பிரேக் பிடிக்கும்போது எடை முன்னோக்கிப் பாய்வதால் பின்சக்கரத்துக்குத் தரைப் பிடிப்பு குறையும், அது வழுக்கிக்கொண்டு போகும், வண்டி நிற்க வெகுதூரம் எடுக்கும். ஆகவே வேகத்தைக் குறைத்த பிறகே கையை நீட்ட வேண்டும். நீட்டிய கையைத் திரும்புமுன் மீண்டும் கைப்பிடிக்குக் கொண்டுவர வேண்டும். இந்த வரிசை எந்தப் பேரணிப் பதாகையிலும் இருக்காது, இருந்தாலும் படித்துக் கைக்கு வராது. மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, கோட்டை விட்டு விலகாமல் பின்னால் நிற்கும் ஆசிரியர் எத்தனை விரல் காட்டுகிறார் என்று சொல்லவைத்து, ஐம்பது முறை செய்தால் வரும். நீச்சலையும் தட்டச்சையும் புத்தகம் படித்து யாரும் கற்றதில்லை என்று ஒப்புக்கொள்கிறவர்கள், சைக்கிளுக்கு மட்டும் விதிவிலக்குக் கேட்பது ஏன்?

3. பயிற்சி கொடுத்தால் பிள்ளையைச் சாலைக்கு நாமே அனுப்பியதாகிவிடும் என்ற அச்சம், பிள்ளை இப்போது வீட்டில் இருப்பதாக நினைத்துக்கொள்கிறது. பிள்ளை ஏற்கெனவே சாலையில்தான் இருக்கிறது. நடுவில் தடுப்பு உள்ள நெடுஞ்சாலையில், அடுத்த திறப்பு வரை போய்த் திரும்பச் சோம்பல்பட்டு ராங் சைடில் வருகிறது. தான் 12 கிலோமீட்டர் வேகத்தில் வர, எதிர்வண்டி 50இல் வந்தால் இரண்டும் 62 வேகத்தில் நெருங்குகின்றன. அதே திசையில் சென்றிருந்தால் 38தான் என்ற கணக்கு அதற்குத் தெரியாது. கேரியரில் தோழனை டபுள்ஸ் ஏற்றியதும் முன்சக்கரம் லேசாகி ஹேண்டில்பார் கைக்கு அடங்காமல் போவதும், துப்பட்டாவும் தாவணியும் பின்சக்கரத்தில் சுற்றுவதும், சாப்பாட்டுப் பையை ஹேண்டில்பாரில் மாட்டினால் திருப்பம் தடைபடுவதும் அதற்குச் சொல்லப்படவில்லை. சைக்கிளைத் தடுத்தால் பிள்ளை பத்திரமாகிவிடும் என்பதும் பொய். மாற்று என்ன? அளவுக்கு மீறி அடைத்த ஆட்டோ, அல்லது அப்பாவின் பைக். 18 வயதாகாதவர் வண்டி ஓட்டினால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் என்று 2019ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் சொல்லும் அளவுக்கு அந்த மாற்று பெருகிக் கிடக்கிறது. பெண் பிள்ளைக்கு இதன் விலை இன்னும் அதிகம். பீகாரில் 2006இல் தொடங்கிய மாணவியர் சைக்கிள் திட்டத்தை ஆராய்ந்த கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும், உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் அளவு 32 விழுக்காடு கூடியதையும், ஆண்–பெண் இடைவெளி 40 விழுக்காடு குறைந்ததையும் கண்டார்கள். பள்ளி தொலைவாக இருந்த ஊர்களில்தான் பலன் மிகுதி. பயத்தால் ஒரு பெண்ணின் சைக்கிளை நிறுத்தும் வீடு, பல நேரம் அவள் படிப்பையும் சேர்த்தே நிறுத்துகிறது.

4. பயிற்சியால் விபத்து குறைந்ததாக ஆய்வுகள் காட்டவில்லை என்பதே இதுவரை வந்ததில் கூர்மையான மறுப்பு. அது பெரும்பாலும் உண்மையும்கூட. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் பகுதியில் பள்ளி சைக்கிள் பயிற்சியின் பலனை ஆராய்ந்து 1998இல் வெளியான ஆய்வு, பயிற்சி காயத்தைக் குறைத்ததற்குச் சான்று இல்லை என்றது. சிறுவர்களிடமும் இளையவர்களிடமும் ஆபத்து கூடியிருக்கலாம் என்றும் எச்சரித்தது. பின்னால் வந்த தொகுப்பாய்வுகளும், பிள்ளைகளின் அறிவு கூடுகிறது, காயம் குறைவது உறுதிப்படவில்லை என்ற அளவில்தான் நிற்கின்றன. பயிற்சியைத் தடுப்பூசி போல விற்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். ஆனால் இதிலிருந்து "ஆகவே கற்பிக்காதே" என்ற முடிவுக்குத் தாவ முடியுமா? இந்த ஆய்வுகள் எடைபோட்டவை பெரும்பாலும் சில மணிநேரம் நடந்து முடிந்துபோகும் வகுப்புகள். சில மணிநேரப் பாடம், திறமைக்கு முன்னால் தைரியத்தைக் கொடுத்துவிடும் என்பது புதிய செய்தி அல்ல. கூம்புகளுக்கு நடுவே வளைந்து ஓட்டிக் கைதட்டு வாங்கிய பையன், தனக்கு எல்லாம் தெரியும் என்று நெடுஞ்சாலைக்குப் போவான். குறைப்பயிற்சி தரும் அந்த அசட்டுத் துணிச்சலுக்கு மருந்து முழுப்பயிற்சி. பிள்ளையின் கண்ணுக்கும் ஓர் எல்லை உண்டு. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளால் மணிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டருக்கு மேல் நேராக நெருங்கி வரும் வண்டியின் வருகையை நம்பத்தக்க அளவில் உணர முடியவில்லை என்று, சாலையைக் கடப்பது பற்றி இங்கிலாந்தின் ராயல் ஹாலோவே ஆய்வாளர்கள் 2011இல் காட்டினார்கள். ஆகவே சின்ன வகுப்பில் கற்றுத் தர வேண்டியது, வண்டி தூரத்தில் வருகிறதா என்று கணித்துப் பாய்வதை அல்ல. இறங்கி, நின்று, உருட்டிக்கொண்டு கடப்பதை. எந்த வயதில் எதை என்பதைக் கணக்கில் கொள்ளாத பயிற்சி தோற்றதால் பயிற்சியே தோற்றது என்பது, தப்பான மருந்தளவால் குணமாகாத நோயாளியைக் காட்டி மருத்துவமே பொய் என்பதற்கு ஒப்பு.

5. முதலில் சாலையைத் திருத்து என்பவரோடு எனக்குப் பாதி வழி உடன்பாடு. சுவீடன் உளவியலாளர் ஸ்டீனா சாண்டல்ஸ் 1960களிலேயே, சிறு பிள்ளைகளைப் போக்குவரத்துக்கு ஏற்றபடி மாற்ற முடியாது, போக்குவரத்தைத்தான் பிள்ளைகளுக்கு ஏற்றபடி மாற்ற வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். இயற்பியலும் அவர் பக்கம். 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார், ஓட்டுநர் சுதாரிக்கும் ஒரு நொடிக்குள்ளேயே 16 மீட்டருக்கு மேல் கடந்துவிடும். 30இல் வந்தால் எட்டு மீட்டர். பிரேக் பிடித்த பின் நிற்க ஆகும் தூரமோ வேகம் இரட்டித்தால் நான்கு மடங்கு. பிள்ளைகளும் வண்டிகளும் கலக்கும் தெருக்களில் உச்சவேகம் 30 ஆக இருக்க வேண்டும் என்று 2020இல் ஸ்டாக்ஹோமில் கூடிய உலக அமைச்சர்கள் மாநாடு சொன்னதற்குக் காரணம் இதுதான். இந்தியச் சாலைகளில் 2022இல் மட்டும் 1,68,491 பேர் இறந்தார்கள்; அவர்களில் 18 வயதுக்கு உட்பட்டோர் ஒன்பதாயிரத்துக்கும் மேல். இந்தக் கணக்கைச் சைக்கிள் வகுப்பால் தீர்க்க முடியும் என்று நான் சொல்லவில்லை. சாலை திருந்தும்வரை பாடம் வேண்டாம் என்பதைத்தான் மறுக்கிறேன். வழக்கமாகக் காட்டப்படும் நெதர்லாந்தையே எடுத்துக்கொள்வோம். அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கான போக்குவரத்துத் தேர்வு 1932இல் தொடங்கியது. இன்று உலகம் வியக்கும் சைக்கிள் சாலைகள் பெருகியதோ 1970களுக்குப் பிறகு. 1971இல் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர், அவர்களில் நானூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகள், சாலையில் மடிந்த பிறகு "குழந்தைக் கொலையை நிறுத்து" என்ற இயக்கம் தெருவுக்கு வந்தது. இந்த வரலாறு இரு தரப்புக்கும் பாடம் சொல்கிறது. பயிற்சி மட்டும் பிள்ளைகளைக் காக்கவில்லை, உண்மை. ஆனால் நல்ல சாலை வந்த பிறகும் அவர்கள் தேர்வைக் கைவிடவில்லை. இன்றும் அங்கே 11, 12 வயதுப் பிள்ளைகள் எண் எழுதிய மேலாடை அணிந்து, மூலைக்கு மூலை தன்னார்வலர் நின்று கவனிக்க, ஊருக்குள் ஒரு சுற்று ஓட்டிக் காட்டித் தேறுகிறார்கள். ஜெர்மனியில் நான்காம் வகுப்பிலேயே போக்குவரத்துக் காவலர்களே இதை நடத்துகிறார்கள். உலகின் மிகச் சிறந்த சைக்கிள் சாலையை வைத்திருப்பவர்களுக்கே பாடம் தேவைப்படுகிறது என்றால், அப்படி ஒரு சாலை இல்லாத நமக்கு அது தேவையில்லை என்பது எந்த ஊர் நியாயம்? இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. பயிற்சி தந்தோமே, பிறகும் அடிபட்டால் பிள்ளையின் தவறுதான் என்று காவல் நிலையமோ காப்பீட்டு நிறுவனமோ சொல்ல இது வழிவிடக் கூடாது. பெரிய வண்டியின் பொறுப்பைச் சிறிய வண்டியின் தலையில் இறக்கிவைக்கும் கருவியாகப் பயிற்சி மாறினால், அதை எதிர்ப்பவர்களோடு நானும் நிற்பேன்.

6. நேரம் இல்லை, ஆள் இல்லை, பணம் இல்லை என்று சொல்கிறவர்கள் புதுக்கோட்டையை மறந்துவிட்டார்கள். 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்பித்தது. கல் உடைக்கும் தொழிலாளிகளும் விவசாயக் கூலிகளும் கிராமச் செவிலியர்களும் சைக்கிளில் ஏறினார்கள். பெண்களுக்கான வண்டி கிடைக்காதபோது பார் வைத்த ஆண்கள் சைக்கிளிலேயே ஓட்டினார்கள். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பொது இடத்தில் ஓட்டிக் காட்டியதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். வறுமைப்பட்ட ஒரு மாவட்டம், பெரும்பாலும் தன்னார்வலர்களை வைத்துக்கொண்டு, ஊர்க் கேலியையும் தாண்டிச் செய்தது இது. கூரையும் மைதானமும் உடற்கல்வி ஆசிரியரும் சாரணர் படையும் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களும் உள்ள பள்ளிக்கூடத்தால் முடியாது என்றால், இல்லாதது வசதி அல்ல. கணக்கும் பெரிதில்லை. ஆண்டுக்குப் பத்து மணிநேரம் என்றால் விளையாட்டு நேரத்தில் வாரம் ஒரு மணிநேரமாகப் பத்து வாரம்தான். புதுக்கோட்டைப் பெண்கள் ஏறக் கற்றார்கள். அன்றைய சாலைக்கு அது போதுமானதாக இருந்தது. இன்றைய பிள்ளைக்கு அந்தப் பாடத்தின் இரண்டாம் பகுதி வேண்டும்.

எப்படி என்ற கேள்விக்கும் பதில் சொல்லாமல் விடக் கூடாது. மறுப்போடு நின்றுவிடுகிறவன் எதிர்த்தரப்புக்கே உதவுகிறான். ஆறாம் வகுப்பில் மைதானம்: கோட்டில் ஓட்டுவது, தலை திருப்பிப் பார்ப்பது, ஒற்றைக் கையில் ஓட்டுவது, இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்துக் குறிப்பிட்ட கோட்டில் நிற்பது. கூடவே வண்டிச் சோதனை: தேய்ந்த பிரேக் கட்டை, தளர்ந்த செயின், காற்றில்லாத டயர், பின்பக்கச் சிவப்பு ஒளிர்ப்பான். ஏழாம் வகுப்பில் பள்ளியைச் சுற்றியுள்ள சிறு தெருக்கள்: குழுவாக, முன்னும் பின்னும் ஆசிரியரோடு, முச்சந்தியில் நின்று முன்னுரிமை யாருக்கு என்று முடிவெடுக்கப் பழகுவது. எட்டாம் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டிலிருந்து பள்ளிவரை உள்ள வழியை வரைந்து, அதில் மோசமான மூன்று இடங்களைக் குறித்து, அங்கே எப்படிப் போவது என்று ஆசிரியரோடு ஓட்டிப் பார்ப்பது. அந்த வரைபடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழு ஊராட்சிக்கும் நெடுஞ்சாலைத் துறைக்கும் அனுப்பினால், சாலையை முதலில் திருத்து என்பவர்களின் கோரிக்கைக்கும் முகவரியோடு ஆதாரம் கிடைக்கும். தலைக்கவசமும் இதில் சேர வேண்டும். உலக அளவில் நாற்பது ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வெளியான பகுப்பாய்வு, அடிபட்ட சைக்கிளோட்டிகளில் தலைக்கவசம் அணிந்தவர்களுக்குக் கடுமையான தலைக்காயம் ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ 70 விழுக்காடு குறைவு என்று காட்டியது. ஆனால் கவசத்தைக் கொடுத்துவிட்டுக் கற்பிப்பதைக் கைகழுவினால், விழுந்த பிறகு காப்பதை மட்டும் செய்து விழாமல் காப்பதை விட்டதாகும்.

கடைசியாக, பதினொன்றாம் வகுப்பில் சைக்கிள் கைக்கு வரும் நாள். அதற்கு முன் சைக்கிள் ஓட்டிக் காட்டும் ஒரு தேர்வு இருக்க வேண்டும். உடனே ஒரு சந்தேகம் எழும்: தேர்வு என்று வைத்தால், தோற்ற பெண்ணுக்கு வண்டி கிடைக்காமல், படிப்பு நின்றுபோகாதா? நியாயமான சந்தேகம், நம் நாட்டில் தேர்வு என்றாலே ஆளை வெளியே தள்ளும் கதவு என்று ஆகிவிட்டது. இந்தத் தேர்வு அப்படி இருக்கக் கூடாது. ஓட்டுநர் உரிமத் தேர்வு போலத் தகுதியில்லாதவரை விலக்க அல்ல, யாருக்கு இன்னும் சொல்லித் தர வேண்டும் என்று தெரிந்துகொள்ள இது. தேறிய பிள்ளைக்குச் சைக்கிள். தேறாத பிள்ளைக்கும் சைக்கிள். அதோடு இன்னும் பத்து மணிநேரப் பயிற்சி.